தங்கபுஷ்பம் பரிமாறிய வருசம்

தேரிக்கரையில் தங்கபுஷ்பத்தம்மாள் கண்ணை மூடி, பதினாறாம் நாள் விசேசமெல்லாம் கழிந்து, முதல் மாசப் படையல் போட்ட அன்றைக்குத்தான் அந்தக் காரியம் நடந்தது. நடந்ததை ஊரில் ஒருத்தரும் அதிசயம் என்று சொல்லவில்லை, ஏனென்றால் உயிரோடு இருந்தபோது அவள் செய்துகொண்டிருந்ததற்கும் செத்த பிறகு செய்ததற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. கரண்டி பிடித்த கை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியவில்லை.

அந்த வீட்டு வழக்கம் என்னவென்றால், கண்ணை மூடியவர்களுக்கு வருசம் திரும்புகிற வரைக்கும் மாசத்தில் ஒரு நாள், அவர்களுக்குப் பிடித்ததைப் பொங்கி, தலைவாழை இலை போட்டுப் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே முற்றத்தில் நிற்க வேண்டும். செத்தவர் வந்து பசியாறிவிட்டுப் போவார். பிறகு கதவைத் திறந்து, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒரே பந்தியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அந்தப் பந்தியில் ஒருத்தர் கை நனைக்காமல் இருந்தால்கூட மற்ற எவரும் இலையில் கை வைக்கக் கூடாது, பாதியில் எழுந்திருக்கவும் கூடாது. இதை யார் ஏற்படுத்தினார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, ஆனால் மீறினால் வீடு விளங்காது என்பது மட்டும் எல்லாருக்கும் நன்றாகத் தெரியும்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் வந்தது. அம்மைக்கு என்ன பிடிக்கும்?

"மஸ்கோத் அல்வான்னா அம்மைக்கு உசிரு," என்றான் மூத்தவன் செந்தூர்பாண்டி. பஜாரில் பெயிண்டுக் கடை வைத்திருக்கிறவன், எதையும் அடித்துச் சொல்லித்தான் பழக்கம்.

"அது ஒங்களுக்குல்லா உசிரு," என்றாள் அவன் பெண்சாதி செல்வக்கனி. "அத்தை ஒரு விள்ளல் வாயில போட்டு நான் பாத்ததில்ல."

திருப்பூரிலிருந்து வந்திருந்த சின்னவன் பால்வண்ணன் ரசவடை என்றான், அதுவும் அவனுக்குப் பிடித்தது. அப்புறம் எல்லாரும் ஜெயக்கொடி முகத்தைப் பார்த்தார்கள். மூவரில் கடைசியாகப் பிறந்த ஒரே பெண் அவள்தான், அதே தெருவில் வாக்கப்பட்டவள், பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர், கடைசி நாலு வருசம் அம்மையைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, சோறூட்டிப் பார்த்தவள். அம்மைக்கு எந்த மாத்திரை சோத்துக்கு முந்தி, எது சோத்துக்குப் பிந்தி என்று உறக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். என்ன சோறு பிடிக்கும் என்பது அவளுக்கும் தெரியவில்லை. ஒரு தடவை கேட்டிருக்கிறாள், "எனக்கென்னட்டி, இருக்கதத் திங்கேன்" என்று பதில் வந்தது. இருக்கதைக் குழம்பு வைக்க முடியுமா? கடைசியில் நாலு பேருக்கும் பிடித்தது எதுவோ அதுதான் அம்மைக்கும் பிடித்திருக்கும் என்று தீர்மானித்து, முழுச் சீலா மீன் ஒன்று வாங்கிக் குழம்பு வைத்தார்கள்.

படைத்தார்கள், கதவைச் சாத்தினார்கள், நின்றார்கள், திறந்தார்கள். இலை கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. ஒரு பருக்கை இல்லை. "எங்கம்மா வயிறாறத் தின்னுட்டாடா" என்று செந்தூர்பாண்டி தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதான். அப்புறம் பந்தியில் உட்கார்ந்து, சோறு போட்டு, செல்வக்கனி குழம்புச் சட்டிக்குள் கரண்டியை விடுவதற்குள் மீன் வந்துவிட்டது. படையலில் வைத்ததும் சரி, சட்டியில் கிடந்ததும் சரி, அதது போய்ச் சேர வேண்டிய இலையில் போய்ச் சேர்ந்திருந்தது. கொழுகொழுவென்று இரண்டு நடுத்துண்டு செந்தூர்பாண்டி இலையில். சினையும் ஒரு நடுத்துண்டும் பால்வண்ணன் இலையில். முள் ஆய்ந்து, உதிர்த்து, சோற்றோடு பிசைந்தே வந்திருந்தது பேரப்பிள்ளைகள் இலையில். ஜெயக்கொடி இலையில் வால்துண்டு.

பந்தியில் ஒருத்தர் இலையை ஒருத்தர் எட்டிப் பார்த்தார்கள்.

"சோறு ஆறுது, சாப்பிடுங்க," என்றாள் செல்வக்கனி. அவளுக்குக் கழுத்துப்பக்கத்துத் துண்டு வந்திருந்தது, மாமியார் இருந்தபோதும் அதுதான் வரும். எல்லாரும் சாப்பிட்டார்கள்.

ஜெயக்கொடி வாலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் தட்டில் விழுந்த வால்துண்டையெல்லாம் சேர்த்தால் ஒரு மீன்பிடி வள்ளம் நிறையும். அம்மை ஒருநாளும் அதை யோசித்துச் செய்ததில்லை. கை தானாகப் போகும், மூத்தவனுக்கு நடு, சின்னவனுக்கு நடு, அய்யா இருந்தவரைக்கும் அவருக்குத் தலை, இவளுக்கு வால். கடைசி மாசம், இவள் கஞ்சியை ஊதி ஊதி ஊட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு வாய் வாங்கிவிட்டு அம்மை கண்ணைத் திறந்து கேட்டாள்: "அண்ணன் சாப்பிட்டானாட்டி?" அண்ணன் அம்மையை எட்டிப் பார்த்தே அப்போது மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த ஒரு கேள்வி ஜெயக்கொடி நெஞ்சில் முள்ளாகக் குத்திக் கிடந்தது. செத்த பிறகாவது அம்மைக்குத் தெளிவு வரும் என்று நினைத்தாளோ என்னவோ, வரவில்லை.

ஊருக்கு இந்தச் சங்கதி தெரிய ஒரு பொழுது ஆகவில்லை. அடுத்த மாசம் பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரவர் இலையோடு வந்து முற்றத்தில் உட்கார்ந்தார்கள். அதற்கடுத்த மாசம் தெருவே வந்தது. மீன் சட்டி ஒன்று மூன்றானது, மூன்று அண்டாவானது, தங்கபுஷ்பத்தம்மாளும் ஒரு சுணக்கம் இல்லாமல் எல்லாருக்கும் பரிமாறினாள், ஆனால் அவளுக்கென்று ஒரு கணக்கு இருந்தது. காசு வாங்காமல் ரவிக்கை தைத்துக் கொடுத்த தையல்காரருக்குக் கன்னத்துச் சதை வந்தது. ஆட்டுரல் விஷயத்தில் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்த எதிர்வீட்டு ராசகனிக்கு வெறும் குழம்பு. கவுன்சிலர் இலையில் ஒரு கறிவேப்பிலை விழுந்தது, அவர் அதையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டார், பார்க்கிறவர்கள் இருந்தார்கள் அல்லவா? இன்னார் எப்பேர்ப்பட்டவர் என்று தெரிய வேண்டுமானால் அந்த இலையைப் பார்த்தால் போதும் என்று ஆகிவிட்டது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை ஒருவனை அழைத்துவந்து பந்தியில் உட்கார்த்தினார்கள், செவுள் விழுந்தது, சம்பந்தம் அன்றோடு முறிந்தது. பையன் வீட்டார் செவுளிலும் சத்து உண்டு என்று எவ்வளவோ வாதாடிப் பார்த்தார்கள்.

ஜெயக்கொடி இலையில் மாசா மாசம் விழுந்த வாலையும் ஊர் பார்க்காமல் இல்லை. பார்த்தது, ஆளுக்கொரு சமாதானமும் சொன்னது. பொம்பளப்பிள்ளைக்கு முள்ளெடுத்துத் திங்கத் தெரியணும்லா என்றாள் ஒருத்தி. கட்டிக்கொடுத்த பிள்ளை இன்னொரு வீட்டு ஆளுதானே என்றார் ஒருவர். ஊர்ச் சங்கத்துச் செயலாளர் ஞானமுத்து வாத்தியார், ஓய்வு பெற்றும் மைக்கை விடாதவர், "ஈன்றெடுத்த தாய்க்குப் பிள்ளைகளிடையே பேதம் உண்டா? நடுவென்ன, வாலென்ன, எல்லாம் ஒரே மீன்தானே?" என்று கேட்டுவிட்டுத் தன் இலையில் விழுந்த நடுத்துண்டைச் சாப்பிடத் தொடங்கினார்.

பள்ளிக்கூடத்தில் ஜெயக்கொடி முட்டை போடுகிற அழகை நீங்கள் பார்க்க வேண்டும். தட்டுக்கு ஒன்று. தலைமையாசிரியர் மகனுக்கும் ஒன்று, உப்பளத்துக்காரி மகளுக்கும் ஒன்று. ஒரு பிள்ளைக்கு உடைந்த முட்டை வந்துவிட்டால், தேடி எடுத்து நல்லதாக மாற்றிப் போடாமல் அவளுக்கு மனசு ஆறாது. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த பங்கைப் பாருங்கள். மீனுக்கு அவள் அலந்துபோய்க் கிடக்கவில்லை, சம்பளம் வந்த அன்றைக்கு முழுச் சீலாவே வாங்கித் தன்னந்தனியாகத் தின்னலாம், கேட்பதற்கு ஆளில்லை. அவளுக்கு வேண்டியது அம்மை கையால் ஒரு நடுத்துண்டு. வருசம் திரும்பிவிட்டால் படையல் நின்றுவிடும், அம்மையும் போய்விடுவாள், அப்புறம் கோயில் கோயிலாக ஏறி இறங்கினாலும் கிடைக்காது.

அதனால் அவள் சில தந்திரங்கள் செய்து பார்த்தாள். ஒரு மாசம் அண்ணன் உட்காருகிற இடத்தில் முந்திப் போய் உட்கார்ந்துகொண்டாள். அண்ணன் கை கழுவக் கொல்லைப்புறம் போயிருந்தான். நடுத்துண்டு இரண்டும் அவன் பின்னாலேயே போய், கிணற்றடித் துவைகல்லில் ஒரு துண்டு இலை மேல் காத்திருந்தன. இன்னொரு மாசம் மீன்காரி அந்தோணியம்மாளிடம் போய், தலையும் வேண்டாம், வாலும் வேண்டாம், நடுத்துண்டு மட்டும் போடு என்று வாங்கிவந்து குழம்பு வைத்தாள். இருக்கிறதே நடுத்துண்டு மட்டும்தான், அம்மை இப்போது என்ன செய்வாளாம்? கதவைத் திறந்து பந்தியில் உட்கார்ந்தால், ஜெயக்கொடி இலையில் வால்துண்டு, நல்ல சூடாக, குழம்பில் ஊறி, மாங்காய்த் துண்டு ஒன்றும் துணைக்கு. அவள் பாதியில் எழுந்திருக்க முடியாத கோபத்தில் அதைத் தின்றுவிட்டு நேரே அந்தோணியம்மாளிடம் போனாள்.

"எக்கா, மாதா மேல ஆணை," என்றாள் அந்தோணியம்மாள். "வால நான் பூனைக்குப் போட்டேன். பூனை தின்னத இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்."

இதையும் ஊர் தங்கபுஷ்பத்தம்மாளின் பெருமையில்தான் சேர்த்தது. இல்லாத வாலைக்கூட எங்கிருந்தாவது கொண்டுவந்து மகளுக்குப் போடுகிறாளே, இப்படி ஒரு தாய் யாருக்கு வாய்ப்பாள் என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஜெயக்கொடிக்குச் சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. போய்த் தொலையட்டும், நம் தலையெழுத்து அவ்வளவுதான் என்று விட்டுவிட்டாள்.

விட்டபடியே இருந்திருப்பாள். ஆனால் அவள் மகள் மதுமிதா அந்தத் தை மாசம் பெரியமனுஷியானாள்.

அதுவரைக்கும் ஆச்சி அவளுக்கு மற்றப் பேரப்பிள்ளைகளைப் போலவே முள் ஆய்ந்து உதிர்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். சடங்கு முடிந்து, தலையில் பூவோடு, புதுத் தாவணியை இழுத்து இழுத்து விட்டபடி பிள்ளை பந்தியில் வந்து உட்கார்ந்தது. செந்தூர்பாண்டி மகனுக்கும் அதே வயசுதான், அவன் இலையில் நடுத்துண்டு விழுந்தது. மதுமிதா இலையில் வால்துண்டு விழுந்தது.

பிள்ளை வாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முள்ளெடுக்க ஆரம்பித்தாள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே சுத்தமாக எடுத்தாள். அதைப் பார்த்ததும் ஜெயக்கொடிக்கு ஆத்திரம் வந்தது, அப்படி ஒரு ஆத்திரம் தனக்குள் இருக்கிறது என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தனக்கு விழுந்தபோது அது வருத்தம். இது வேறு.

வருசத் திவசம் வந்தது. ஊர்ச் சங்கம் பொறுப்பெடுத்துக்கொண்டு பந்தல் போட்டது, தெருமுனையில் பிளெக்ஸ் வைத்தது. "அள்ளி அள்ளிக் கொடுத்த அன்னையே, உன் கருணைக்கு ஈடேது" என்று எழுதி, கீழே அன்னையைவிடப் பெரிதாகக் கவுன்சிலர் கும்பிட்டுக்கொண்டு நின்றார். அண்டா அண்டாவாகக் குழம்பு கொதித்தது. ஞானமுத்து வாத்தியார் காலையிலிருந்தே மைக்கில் இருந்தார். படைத்து, கதவைச் சாத்தி, திறந்து, தெரு நீளத்துக்கு இலை போட்டு ஊர் உட்கார்ந்தது. எல்லார் இலையிலும் அவரவருக்கு உண்டானது வந்து விழுந்தது. வீட்டுப் பந்தியில் செந்தூர்பாண்டிக்கு இரண்டு நடுத்துண்டு, ஜெயக்கொடிக்கு வால், மதுமிதாவுக்கு வால்.

"ம், கை வைங்க," என்றான் செந்தூர்பாண்டி.

ஜெயக்கொடி இலையை ஒரு கையால் தள்ளினாள். "எனக்குச் சோறு வேண்டாம்."

"என்னளா?"

"வேண்டாம்ங்கேன்."

நாற்பத்தைந்து வயசுப் பொம்பளை, சத்துணவு அமைப்பாளர், முழங்காலைக் கட்டிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார்ந்துவிட்டாள். அவள் பிறந்ததிலிருந்து சோற்றில் கோபித்துக்கொண்டதே கிடையாது. அண்ணன்மார் கோபித்துக்கொள்வார்கள். ஒரு தடவை குழம்பில் உறைப்பு இல்லை என்று செந்தூர்பாண்டி தட்டைத் தள்ளிவிட்டுப் பனங்காட்டுக்கு ஓடிப்போக, அம்மை முட்டை பொரித்து எடுத்துக்கொண்டு வெயிலில் பின்னாலேயே ஓடினாள். நாம் ஓடினால் யாரும் பின்னால் வர மாட்டார்கள் என்று சின்னப்பிள்ளையிலேயே அவளுக்குத் தெரியும், அதனால் ஓடிப் பார்க்கவே இல்லை. இன்றைக்கு ஓட வேண்டிய அவசியம் இல்லை. அவள் கை நனைக்காதவரை ஊரே கை வைக்க முடியாது.

"யம்மா," என்றாள் சுவரைப் பார்த்து, கொஞ்சம் சத்தமாகவே. "எனக்கு வாலப் போட்ட, தின்னேன். ஒரு வார்த்த கேட்டேனா? எம்பிள்ளைக்கும் வாலப் போட்டா எப்படி? நடுத்துண்டு எம்பிள்ளை இலைல விழணும். விழலன்னா நான் திங்க மாட்டேன். சோறு கெடக்கட்டும்."

தெருவில் இலை இலையாகச் செய்தி போனது. வாத்தியார் மைக்கை அணைக்க மறந்ததால் இது பஜார் வரைக்கும் கேட்டது. "ஏட்டி, சபையில என்ன இது," என்றான் அண்ணன். "பசிக்குது ஜெயக்கொடி," என்றாள் செல்வக்கனி, ஆனால் அவள் சொன்ன விதத்தில் கொஞ்சம் குஷி இருந்தது. கவுன்சிலர் தன் கறிவேப்பிலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதலில் ஜெயக்கொடி இலையில் ஆறிப்போன சோறு மறுபடி ஆவி விட்டது. அப்புறம் ஒரு அப்பளம் வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பொரித்த முட்டை வந்தது. பால்வண்ணன் இலையிலிருந்த சினை வந்தது. அவள் அசையவில்லை. வெயில் ஏறியது, குழந்தைகள் அழுதன, தெருவே எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தது. உயிரோடு இருந்தபோது வீட்டில் ஒரு பூனை பசித்துக் கிடந்தால்கூடத் தங்கபுஷ்பத்தம்மாளுக்கு உறக்கம் பிடிக்காது. இப்போது ஊரே பசித்துக் கிடக்கிறது. அவள் பாடு என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்து ஜெயக்கொடிக்கே பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் திரும்பவில்லை.

செந்தூர்பாண்டி இலையிலிருந்து ஒரு நடுத்துண்டு கிளம்பி மதுமிதா இலையில் போய் உட்கார்ந்தது. பிள்ளை இலையிலிருந்த வால் அண்ணன் இலைக்குப் போனது.

பந்தி மொத்தமும் மூச்சு விட்டது. "விழுந்துட்டு, விழுந்துட்டு, சாப்பிடு தாயி," என்று நாலு பக்கமும் குரல் வந்தது. ஜெயக்கொடி திரும்பிப் பார்த்தாள். மகள் இலையைப் பார்த்தாள். தன் இலையைப் பார்த்தாள். நியாயமாக அவள் சாப்பிட்டிருக்க வேண்டும், கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் வாய் தானாகத் திறந்து, இத்தனை வருசத்தில் ஒரு நாளும் கேட்காத ஒன்றைக் கேட்டுவிட்டது.

"எனக்கு?"

அவ்வளவுதான் கேட்டாள். கேட்டதும் அழுகை வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, அடக்கவும் முடியவில்லை.

இரண்டாவது நடுத்துண்டு உடனே வரவில்லை. செந்தூர்பாண்டி இலை ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றது, ஒரு கை எடுப்பதும் வைப்பதுமாகத் தயங்குவதுபோல. அவன் பதறிப்போய் ஏதோ சொல்ல வாயெடுத்தான். செல்வக்கனி அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அப்புறம் துண்டு மெதுவாக நகர்ந்து, பால்வண்ணன் இலையைத் தாண்டி, மதுமிதா இலையைத் தாண்டி, ஜெயக்கொடி சோற்று மேல் வந்து அமர்ந்தது. அவள் இலையிலிருந்த வால் அண்ணனுக்குப் போனது. ஆக அவனுக்கு இரண்டு வால். ஜெயக்கொடி சோற்றில் கை நனைத்தாள். ஐம்பது வயசு வரைக்கும் முள்ளே பார்த்திராதவன், முதல் வாயிலேயே முள் தொண்டையில் மாட்டி இருமினான், அவன் முதுகைத் தட்டி ஒரு உருண்டை வெறுஞ்சோற்றை விழுங்க வைத்தாள் செல்வக்கனி.

"பார்த்தீர்களா பெருமக்களே!" என்று மைக்கில் முழங்கினார் ஞானமுத்து வாத்தியார். "நான் சொன்னேனே, இந்தத் தாய்க்குப் பிள்ளைகளிடையே பேதமே கிடையாது என்று!" தெருவே கை தட்டியது, தட்டின கையோடு சாப்பிட ஆரம்பித்தது.

ஜெயக்கொடி நடுத்துண்டை விரலால் பிட்டாள். நடுமுள்ளை உருவி ஓரமாக வைத்தாள். வெள்ளையாக, ஒரு முள்கூட இல்லாமல் இருந்த பாதியை எடுத்தாள், எடுத்த கை அவளைக் கேட்காமலே பக்கத்து இலையைப் பார்க்கப் போனது. மதுமிதா தன் இலை மேல் இடது கையைக் குறுக்கே வைத்து மறைத்துக்கொண்டாள்.

"எனக்கு இருக்கும்மா. ஒனக்கு வந்தத நீ தின்னு."

கை அந்தரத்தில் நின்றது. வேறு வழியில்லாமல் ஜெயக்கொடி அதைத் தன் வாயில் போட்டாள். மென்றாள். சத்தியமாகச் சொன்னால், அப்படியொன்றும் பிரமாதமாக இல்லை. சதை சப்பென்று இருந்தது, உப்பு உள்ளே இறங்கவே இல்லை, வாலில் பிடித்திருக்கிற குழம்பு ருசி இதில் பாதிகூடக் கிடையாது. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. கடைசித் துணுக்கு வரைக்கும், ஒருத்தருக்கும் கொடுக்காமல், நிதானமாகத் தின்று முடித்தாள்.